விபத்து அறிக்கையைப் பின்னோக்கிப் படிப்பது எப்படி?

இந்தியாவில் சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி செஸ்னா 152, செஸ்னா 172, டைமண்ட் டி.ஏ.40 போன்ற சின்ன பிஸ்டன் இன்ஜின் விமானங்களில்தான் கழியும். நாளைக்கு ஏர்பஸ் ஓட்டப்போகிறவரும் இன்றைக்கு ஓட்டுவது ஒற்றை இன்ஜின். பக்கத்தில் இரண்டாவது விமானி கிடையாது, வானிலையைப் பார்த்துச் சொல்லும் கம்பெனி அலுவலகம் கிடையாது. கிளம்பலாமா வேண்டாமா என்பதைப் பல நாள் அவர் ஒருவரே முடிவு செய்கிறார்.

அந்த முடிவை எடுக்கக் கற்றுத்தரும் பாடப்புத்தகம் ஒன்று இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டாம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிறு விமான விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைத்தான் சொல்கிறேன். ஆனால் பயிற்சி மாணவர்களில் பலர் அதைத் திறந்த வேகத்தில் "காரணம்: விமானியின் தவறு" என்ற வரிக்குப் போய், உச்சுக் கொட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். அப்படிப் படித்தால் தேறுவது ஒரே ஒரு பாடம்: அவன் முட்டாள், நான் அப்படியில்லை. அதைவிட ஆபத்தான பாடம் வேறில்லை.

அறிக்கையை வேறு விதமாகப் படிக்க வேண்டும். எப்படி என்பதையும், அதை வேலையில் எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் இங்கே பார்ப்போம்.

எதைப் படிப்பது

அமெரிக்காவின் என்.டி.எஸ்.பி. 1967 முதல் இயங்குகிறது. சிறு விமான விபத்துகளைப் பற்றி இவ்வளவு விரிவாகவும் வெளிப்படையாகவும் எழுதிவைக்கும் அமைப்புகள் குறைவு. அதனால் இந்தக் கட்டுரையின் உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவுடையவை. இந்தியாவில் 2012 முதல் ஏ.ஏ.ஐ.பி. விசாரிக்கிறது. பயிற்சி விமான விபத்துகள் பற்றிய அதன் அறிக்கைகளும் அதன் தளத்தில் உள்ளன. ஒரு விபத்துக்கு முதலில் முதற்கட்ட அறிக்கை வரும். பிறகு உண்மைத் தகவல்கள், இறுதியில் காரணம். அமெரிக்க அறிக்கைகளுடன் சாட்சிகளின் வாக்குமூலம், பராமரிப்புப் பதிவு, ரேடார் தடம் எல்லாம் சேர்ந்த கோப்பும் கிடைக்கும். சுருக்கத்தைவிட அந்தக் கோப்பில்தான் சரக்கு அதிகம்.

விபத்து ஆகாமல் தப்பியவர்களின் கதைகளும் உண்டு. நாசா 1976-ல் தொடங்கிய ஏ.எஸ்.ஆர்.எஸ். திட்டத்துக்கு விமானிகள் தாங்களாகவே எழுதுகிறார்கள். பெயர் நீக்கப்பட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. விபத்தில் இறந்தவர் தன் மனதில் என்ன ஓடியது என்று சொல்ல முடியாது. தப்பியவர் சொல்வார். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

எப்படிப் படிப்பது

விமானம் தரையில் மோதிய நொடியிலிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி: "இங்கே திரும்பியிருந்தால் அவருக்கு என்ன செலவாகியிருக்கும்?"

தரைக்கு 300 அடி மேலே என்றால், எந்த விமானியிடமும் இல்லாத திறமை வேண்டியிருக்கும். ரன்வே முனையில் என்றால் அரை மணி நேரத் தாமதம். முந்தின நாள் மாலையில் என்றால் ஒரு போன். பின்னால் போகப் போகச் செலவு குறைந்துகொண்டே வரும். கிட்டத்தட்ட இலவசமாகத் தப்பியிருக்கக்கூடிய கடைசிக் கட்டம் எது என்று கண்டுபிடியுங்கள். அதைத் 'திரும்பும் இடம்' என்று வைத்துக்கொள்வோம்.

பிறகு, அந்தத் திரும்பும் இடத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது மட்டும் உங்களுக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எழுதுங்கள். முடிவு தெரிந்த பிறகு எல்லாருக்கும் அறிவு வந்துவிடும். அந்த அறிவைக் கழித்துவிட்டு யோசித்தால், பாதி அறிக்கைகளில் "நானும் கிளம்பியிருப்பேன்" என்றுதான் வரும். அந்தப் பதில் வரும் அறிக்கைகளில்தான் உங்களுக்குப் பாடம் இருக்கிறது.

ஐந்து விபத்துகளை இப்படிப் பிரித்துப் பார்ப்போம்.

1. சட்டம் தடுக்கவில்லை: ஜான் எஃப். கென்னடி ஜூனியர், 1999

1999 ஜூலை 16 இரவு. முன்னாள் அமெரிக்க அதிபரின் மகன், தன் பைப்பர் சரடோகாவில் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வினியர்ட் தீவுக்குக் கிளம்பினார். இருட்டியிருந்தது. காற்றில் புகைமூட்டம் போன்ற மங்கல். கரையோரமாகப் போனவர் கடைசிக் கட்டத்தில் சுமார் 30 மைல் திறந்த கடலைக் கடக்க வேண்டியிருந்தது. கீழே விளக்கு இல்லை, எதிரே அடிவானம் இல்லை. தீவுக்குச் சில மைல் தூரத்தில் விமானம் வலப்பக்கம் சாய்ந்து, சாய்வு கூடிக்கொண்டே போய், நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் அதிகமான வேகத்தில் இறங்கிக் கடலில் விழுந்தது. மூவரும் இறந்தனர். கடலுக்கு மேல் இரவில் திசையுணர்வு குழம்பிக் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது என்.டி.எஸ்.பி.யின் முடிவு.

பின்னோக்கிப் போவோம். கடைசி அரை நிமிடத்தில் அவரால் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதற்குச் சில நிமிடம் முன்னால் ஆட்டோபைலட் இருந்தது. போட்டிருந்தால் அது இறக்கைகளை மட்டமாகப் பிடித்திருக்கும். அதற்கும் முன்னால், கரையை விட்டுக் கடலுக்குத் திரும்பிய இடம். இன்னும் முன்னால், தரையில். அவருடைய இன்ஸ்ட்ரக்டர்களில் ஒருவர் அன்றிரவு கூட வருவதாகச் சொன்னார். தனியாகவே போக விரும்புவதாக இவர் பதில் சொன்னார். அதுதான் திரும்பும் இடம். "சரி, வாங்க" என்று சொல்ல எந்தச் செலவும் இல்லை.

இப்போது அவருக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து யோசியுங்கள். சுமார் 310 மணி நேர அனுபவம், அதில் 55 மணி இரவில். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி இல்லை. ஆனால் அந்த இரவு, கண்ணால் பார்த்துப் பறக்கும் வி.எஃப்.ஆர். விதிப்படி பறப்பது சட்டப்படி சரி. வானிலைக் குறிப்பில் தெரிவுநிலை விதிக்குள்தான் இருந்தது. பாதை அவருக்குப் பழக்கமானது. அதே விமானத்தில் இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் அவர் இரவில் பறந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இந்தக் கடைசி எண்ணை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கண் குழம்பினால் எவ்வளவு நேரம் தாங்கும்? 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை பீச் போனான்ஸா விமானத்தில் ஏற்றி, வெளியே தெரியாதபடி செய்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 நொடி. ஒருவர் 20 நொடியிலேயே இழந்தார். மூன்று நிமிடம் கூட இல்லாத அந்தச் சராசரியை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தச் சோதனையின் நோக்கத்தை மறந்துவிடுவார்கள். மேகத்துக்குள் தெரியாமல் புகுந்தவர் மெதுவாக 180 பாகை திரும்பி வெளியே வர ஒரு எளிய முறையைக் கற்பிக்கலாமா என்று பார்ப்பதற்காகத்தான் அது நடந்தது. கற்பித்த பிறகு அநேகமாக எல்லாருமே வெளியே வந்தார்கள். ஆகவே பாடம் இரண்டு: புகாதீர்கள், புகுந்துவிட்டால் திரும்பி வரும் முறையை இன்ஸ்ட்ரக்டருடன் இப்போதே பழகிவையுங்கள்.

இதே வகையில் இன்னொன்று. 1959 பிப்ரவரி 3 அதிகாலை, பாடகர் படி ஹாலியையும் வேறு இரு பாடகர்களையும் ஏற்றிச்சென்ற போனான்ஸா அயோவாவில் விழுந்தது. விமானிக்கு வயது 21, கருவித் தகுதி இல்லை. வழியில் வானிலை மோசமாகும் என்ற எச்சரிக்கைகளை அவருக்கு யாரும் தெரிவிக்கவில்லை. அந்த விமானத்தில் மூக்கின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கருவி, வழக்கமான கருவிக்கு நேர்மாறாகக் காட்டும் பழைய வகை. ஏறுவதாக நினைத்தபோது இறங்கிக்கொண்டிருந்திருக்கலாம். புது விமானத்தில் ஏறும்போது "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். முதல் நாள் இரவுப் பறப்பு வேண்டாம்.

2. கேமரா காத்திருந்தது: ஷையென், 1996

ஏழு வயதுச் சிறுமி ஜெசிகா டுப்ராஃப், அமெரிக்காவைக் குறுக்கே பறந்து கடக்கும் மிக இளையவர் என்ற பெயர் எடுக்கக் கிளம்பினாள். உடன் அப்பாவும் இன்ஸ்ட்ரக்டரும். சட்டப்படி விமானி இன்ஸ்ட்ரக்டர்தான். ஊர் ஊராகப் பத்திரிகையாளர்களும் டி.வி.க்காரர்களும் காத்திருந்தனர். 1996 ஏப்ரல் 11 காலை, வயோமிங் மாநிலத்தின் ஷையென் விமான நிலையத்தில் இடியும் மழையும் நெருங்கிக்கொண்டிருந்தன. வி.எஃப்.ஆர். பறப்புக்குத் தெரிவுநிலை போதாது என்று டவர் சொன்னது. சிறப்பு அனுமதி கேட்டு வாங்கிக் கிளம்பினார்கள். செஸ்னா 177 ஏறியது, தடுமாறியது, வேகம் இழந்து ஸ்டாலாகி விழுந்தது. மூவரும் இறந்தனர்.

அறிக்கையில் மூன்று எண்கள் கவனிக்க வேண்டியவை. விமானம் அனுமதித்த எடையைவிட 96 பவுண்டு, அதாவது சுமார் 43 கிலோ அதிகம். விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,156 அடி உயரத்தில். நேரம் காலை 8:24. முதல் இரண்டும் விமானத்தின் ஏறும் திறனைக் குறைத்தவை. உயரமான இடத்தில் காற்று மெல்லியது; சமவெளியில் ஏறும் அதே வேகத்தில் அங்கே ஏறாது. மூன்றாவது எண், அவசரத்தைச் சொல்கிறது. நிர்ணயித்த பயண அட்டவணையையும் ஊடக வாக்குறுதிகளையும் காப்பாற்றும் ஆசை ஒரு பங்களித்த காரணம் என்று என்.டி.எஸ்.பி. எழுதியது.

திரும்பும் இடம் எது? டாக்ஸிவேயில் நின்றிருந்தபோது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தக் கட்டத்தில் திரும்புவதற்கு விலை அதிகம்: கேமராக்கள், அப்பாவின் ஏமாற்றம், அடுத்த ஊரில் காத்திருக்கும் கூட்டம். உண்மையில் மலிவான இடம், பயணத்தைத் திட்டமிட்ட நாள். "இன்ன தேதிக்கு வருகிறோம்" என்பதற்குப் பதில் "வானிலை பார்த்து வருகிறோம்" என்று சொல்லியிருந்தால் போதும்.

வேலையில் இதைத் தினமும் பார்ப்பீர்கள். மணிக்கணக்கு முடிக்க வேண்டிய மாதக் கடைசி, அப்பா அம்மா பார்க்க வந்திருக்கும் நாள், உரிமத் தேர்வுக்கு முந்தின வாரம். யாரிடமும் நேரம் சொல்லி வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் கேட்டால் "கிளம்பினதும் போன் பண்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

எடையைப் பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். 2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸில் பாடகி ஆலியாவுடன் விழுந்த இரட்டை பிஸ்டன் இன்ஜின் செஸ்னா 402-ல், எடை வரம்பைவிடச் சுமார் 700 பவுண்டு அதிகம். ஒன்பது பேர் இறந்தனர். பெட்டிகளை எடை போட ஒரு தராசு எவ்வளவு விலை என்று யோசியுங்கள்.

3. கைக்கு எட்டாத வால்வு: ஜான் டென்வர், 1997

இந்த அறிக்கையை மட்டும் முழுதாகப் படித்தாலும் போதும் என்பேன். அவ்வளவு விஷயம் உள்ளது.

பாடகர் ஜான் டென்வர் அனுபவமுள்ள விமானி. சுமார் 2,700 மணி நேரம் பறந்தவர். கைவினையாகக் கட்டப்பட்ட லாங்-ஈஸி என்ற சின்ன விமானம் அப்போதுதான் அவர் கைக்கு வந்திருந்தது. ஓட்டிப் பழகியது முந்தின நாள், அரை மணி நேர அளவில். 1997 அக்டோபர் 12 மாலை கலிஃபோர்னியாவின் மான்டரேயில் கிளம்பினார். சில முறை தொட்டு எழும்பி, கடலோரமாகப் போனார். சில நூறு அடி உயரத்திலிருந்து விமானம் திடீரெனச் சாய்ந்து கடலில் விழுந்தது.

அந்த வடிவமைப்பின் வரைபடப்படி, எரிபொருள் டாங்கை மாற்றும் வால்வு விமானியின் முன்னால் இருக்க வேண்டும். கட்டியவர் எரிபொருள் குழாயைக் காக்பிட்டுக்குள் கொண்டுவர விரும்பாமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எந்த நிலை எந்த டாங்க் என்ற குறியும் இல்லை. எரிபொருள் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாயும் பின்னால். அதிலும் அளவுக் குறி இல்லை. கிளம்புமுன் ஒரு டெக்னீஷியனும் டென்வரும் வால்வைத் திருப்ப எளிய வழி தேடினார்கள். கைப்பிடியில் ஒரு லாக்கிங் பிளையரை மாட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அளவைப் பார்க்க ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியை டெக்னீஷியன் கொடுத்தார். எரிபொருள் நிரப்பட்டுமா என்றும் கேட்டார். ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர்.

வானத்தில் ஒரு டாங்க் தீர்ந்திருக்க வேண்டும். வால்வைத் திருப்ப ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்து, உடம்பை இடப்பக்கம் முறுக்கித் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் வலது கால் தானாக ரட்டரை மிதிக்கும் என்று விசாரணையாளர்கள் செய்து பார்த்துக் கண்டார்கள். காரணங்களின் பட்டியலில் விமானியின் கவனச் சிதறல், எரிபொருள் திட்டமிடாதது, போதாத பழக்கம், வால்வை அங்கே வைத்த முடிவு, குறியிடாத அளவு எல்லாம் வந்தன.

இங்கே ஒரு எச்சரிக்கை. டென்வரிடம் செல்லுபடியாகும் மருத்துவச் சான்றிதழ் இல்லை. முன்பு குடித்துவிட்டுக் கார் ஓட்டிய வழக்கும் உண்டு. செய்தித்தாள்களுக்கு அது தீனியாயிற்று. ஆனால் அன்று அவர் மது அருந்தியிருக்கவில்லை. விசாரணை முடிவில் நின்றவை வால்வும் எரிபொருளும் பழக்கக் குறைவும்தான். அறிக்கையில் கண்ணைப் பறிக்கும் தகவல் ஒன்று, விபத்தை உண்டாக்கிய தகவல் வேறொன்று. இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால்தான் படிக்கத் தெரிந்தவர்.

திரும்பும் இடம்: "நிரப்பட்டுமா?" என்ற கேள்வி. நிரப்பியிருந்தால் வால்வைத் திருப்பவே தேவைப்பட்டிருக்காது. பிளையரும் முகக்கண்ணாடியும் வெளியே வந்த கணம் இன்னொரு மணி. ஒரு விமானத்தில் ஏறுவதற்கு முன்பே சமாளிப்பு வேலை தேவைப்பட்டால், அந்த விமானம் இன்றைக்குப் பறக்கத் தயாராக இல்லை. உங்கள் கிளப்பில் "அந்த விமானத்தில் அந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும்", "அந்த கேஜை நம்பாதே" என்று சொல்வார்கள். அந்த வாக்கியங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

4. ஆற்றின் அகலம்: நியூயார்க், 2006

பேஸ்பால் வீரர் கோரி லைடில், ஒரு இன்ஸ்ட்ரக்டருடன் சிர்ரஸ் எஸ்.ஆர்.20 விமானத்தில் 2006 அக்டோபர் 11 அன்று மன்ஹாட்டனைச் சுற்றிப் பார்க்கப் போனார். ஈஸ்ட் ரிவர் மேலே பறக்கும் பாதை ஒரு முட்டுச்சந்து. முடிவில் கட்டுப்பாட்டு அறையிடம் அனுமதி வாங்க வேண்டும், அல்லது ஆற்றுக்குள்ளேயே திரும்ப வேண்டும். திரும்பினார்கள். விமானம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. இருவரும் இறந்தனர்.

கணக்கு போடுவோம். ஆற்றின் அகலம் சுமார் 2,100 அடி. முழு அகலத்தையும் பயன்படுத்தாமல் திரும்பியதில் கிடைத்தது 1,700 அடி. கிழக்கிலிருந்து 13 நாட் காற்று. அது திரும்பும்போது கட்டடங்களின் பக்கம் சுமார் 400 அடி தள்ளும். மிச்சம் 1,300. 100 நாட் வேகத்தில் 30 பாகை சாய்வில் முழுத் திருப்பத்துக்கு ஏறக்குறைய 3,070 அடி தேவை. 45 பாகையில் கூட 1,770 அடி. சாய்வை இன்னும் கூட்டினால் ஸ்டால் வேகம் ஏறும்: உயரம் குறையாமல் திரும்பினால் 45 பாகையில் 19 சதவீதம், 60 பாகையில் 41 சதவீதம். நேராகப் பறக்கையில் 50 நாட்டில் ஸ்டாலாகும் விமானம் 60 பாகையில் 71 நாட்டிலேயே ஸ்டாலாகும்.

திரும்பும் இடம் தரையில், பென்சிலும் வரைபடமும் இருந்த மேசையில். வேகத்தைக் குறைத்து, காற்றடிக்கும் பக்கத்துக்கு எதிர்க்கரையை ஒட்டி வந்து, காற்றை நோக்கித் திரும்பியிருந்தால் அதே ஆறு போதியிருக்கும். 80 நாட்டில் 30 பாகைத் திருப்பத்துக்குத் தேவை சுமார் 1,960 அடிதான். விமானத்தில் தகுதியுள்ள இருவர் இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். இருவர் இருந்தால் ஒருவர் கணக்கு போட்டிருப்பார் என்று இன்னொருவர் நினைத்துக்கொள்வது சுலபம்.

இதே கணக்கை உங்கள் ரன்வேக்கும் போடலாம். பேஸ் லெக்கிலிருந்து இறுதித் திருப்பத்தில் ரன்வே நேர்கோட்டைத் தாண்டிவிட்டால், மூக்கை உள்ளே இழுக்க ரட்டரை மிதிக்கக் கால் துடிக்கும். தாழ்வான உயரத்தில், குறைந்த வேகத்தில் அப்படி மிதிப்பது ஸ்பின்னுக்குப் போகும் வழி. தாண்டிவிட்டதா? சுற்றிப் போங்கள். ஒரு கோ-அரவுண்டுக்குச் சில நிமிடமும் கொஞ்சம் எரிபொருளும்தான் செலவு.

5. அனுபவம் போதாத நாள்: ஸ்காட் கிராஸ்ஃபீல்ட், 2006

ஒலியின் வேகத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் முதன்முதலில் பறந்தவர் கிராஸ்ஃபீல்ட், 1953-ல். எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தை முதலில் ஓட்டியவரும் அவரே. 2006 ஏப்ரல் 19 அன்று, 84 வயதில், தன் செஸ்னா 210-ல் அலபாமாவிலிருந்து வர்ஜீனியாவுக்குப் போகும் வழியில் ஜார்ஜியாவில் கடும் இடிமழை மேகத்துக்குள் சென்று விமானம் நொறுங்கி இறந்தார். வழியில் வானிலைத் தகவலைப் புதுப்பித்துக்கொள்ளவில்லை. கட்டுப்பாட்டு அறையும் மேகத்தைத் தவிர்க்க உதவவில்லை என்றது அறிக்கை.

கிளம்பும்போது பார்த்த வானிலை கிளம்பிய நேரத்துக்குத்தான் பொருந்தும். திரும்பும் இடம், வழியில் ரேடியோவில் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி: "எனக்கு முன்னால் மழை எங்கே இருக்கிறது?" மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆபத்து என்றால் சொல்வார் என்று எண்ணாமல் கேட்டுவிடுங்கள். "எனக்குப் பத்தாயிரம் மணி நேர அனுபவம்" என்பவரிடம் இந்த அறிக்கையைக் கொடுங்கள்.

அறிக்கையை விதியாக்குங்கள்

படித்தது விதியாக மாறாவிட்டால் அது வெறும் கதை. ஒரு நோட்டை எடுங்கள். ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒரு பக்கம், நான்கு வரி:

- என்ன நடந்தது, ஒரே வாக்கியத்தில்.
- திரும்பும் இடம் எது, அங்கே செலவு என்ன.
- அந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன். பொய் எழுதாதீர்கள், இந்த நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை.
- இனி என் விதி என்ன.

விதியில் ஓர் எண் இருக்க வேண்டும். "கவனமாக இருப்பேன்" என்பது விதியே அல்ல. மேலே பார்த்த ஐந்திலிருந்தும் இப்படி எழுதலாம்:

- ஒரு விமானத்தில் இன்ஸ்ட்ரக்டருடன் 5 மணி இரவுப் பறப்பு முடியாமல் அதில் தனியாக இரவில் போக மாட்டேன். நிலவில்லாத இரவில் கடலுக்கு மேல் தனியாகப் போகவே மாட்டேன்.
- எடைக் கணக்கைத் தாளில் போடாமல் இன்ஜினைத் தொடங்க மாட்டேன். பெட்டிகளைத் தராசில் வைப்பேன்.
- பகல் வி.எஃப்.ஆர். பறப்பில் அமெரிக்கச் சட்டம் கேட்பது 30 நிமிட இருப்பு எரிபொருள். என் கணக்கு ஒரு மணி நேரம்.
- 1,000 அடிக்குக் கீழே 30 பாகைக்கு மேல் சாய மாட்டேன். சாய வேண்டி வந்தால் கோ-அரவுண்ட்.
- வழியில் ஒவ்வொரு அரை மணிக்கும் வானிலையைக் கேட்பேன்.

எண்கள் உங்கள் அனுபவத்துக்கும் விமானத்துக்கும் ஏற்ப மாறலாம். இன்ஸ்ட்ரக்டருடன் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். முக்கியமான நிபந்தனை ஒன்று: விதியைத் தரையில் மட்டுமே தளர்த்தலாம், வானத்தில் இறுக்க மட்டும்தான் செய்யலாம்.

சின்ன விஷயங்களையும் விடாதீர்கள். கார்புரெட்டர் ஐஸ் குளிர் நாட்டு வியாதி என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். கார்புரெட்டருக்குள் எரிபொருள் ஆவியாகும்போது வெப்பம் சட்டெனச் சரியும். அதனால் வெளியே 38 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50 சதவீதம் என்றாலும் பனி பிடிக்கலாம் என்கிறது அமெரிக்க எஃப்.ஏ.ஏ.வின் கையேடு. கடலோர விமான நிலையத்தில், கார்புரெட்டர் உள்ள விமானத்தில், பவரைக் குறைத்து இறங்கும்போது ஹீட் கைப்பிடியை இழுக்க மறந்த கதைகளை ஏ.எஸ்.ஆர்.எஸ்.ஸில் தேடிப் படியுங்கள்.

ஹேங்கரில், வகுப்பில், நேர்முகத்தில்

தனியாகப் படிப்பதோடு நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு அறிக்கை, நான்கைந்து பேர், ஒரு டீ நேரம். ஒருவர் கதையைக் கிளம்பும் கட்டம்வரை சொல்ல வேண்டும். முடிவைச் சொல்லக் கூடாது. மற்றவர்கள் "போவேன், போகமாட்டேன்" என்று எழுத வேண்டும். பிறகு முடிவு. யார் எழுதியது சரி என்பது முக்கியமில்லை. போவேன் என்று எழுதியவர்கள் ஏன் எழுதினார்கள் என்பதைப் பேசுங்கள்.

மறுப்புச் சொல்லப் பழகுங்கள். சீனியருக்கு எதிராக வாயைத் திறப்பது நம் பழக்கத்தில் எளிதல்ல. விதியில் எண் இருந்தால் எளிதாகும்: "சார், இன்னைக்குக் குறுக்குக் காற்று என் லிமிட்டுக்கு மேல இருக்கு. நீங்க கூட வந்தா பண்றேன், இல்லேன்னா நாளைக்கு வெச்சுக்கலாம் சார்." இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல இன்ஸ்ட்ரக்டர் இதைக் கேட்டு மகிழ்வார். இன்ஸ்ட்ரக்டர்களுக்கும் ஒன்று: அப்படிச் சொல்லும் மாணவரை மற்றவர்கள் முன்னால் கேலி செய்தால், அடுத்தமுறை அவர் சொல்ல மாட்டார். சொல்லாமல் கிளம்புவார்.

தப்பிப் பிழைத்த சம்பவங்களை எழுதிக் கொடுங்கள். உங்கள் நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரி இருப்பார், டி.ஜி.சி.ஏ.விடமும் தன்னார்வ அறிக்கை முறை உண்டு. சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவதல்ல என்று சொல்கிறது. அந்த மனநிலை ஹேங்கரிலும் வர வேண்டும். இறந்தவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன என்பதையும் மறக்காதீர்கள். நாம் பேசுவது முடிவுகளைப் பற்றி. அவர்களுடைய அப்பாவையோ மகளையோ பற்றியல்ல.

நேர்முகத் தேர்விலும் இது உதவும். "நீங்கள் எடுத்த கடினமான முடிவு ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் வீரக்கதை சொல்லாதீர்கள். ஓர் அறிக்கை, அதிலிருந்து நீங்கள் எழுதிய விதி, அந்த விதியால் பறக்காமல் நின்ற ஒரு நாள். இந்த மூன்றும் போதும். கேட்பவர் பெரும்பாலும் சீனியர் கேப்டனாக இருப்பார். பறக்காமல் நின்ற நாளைச் சொல்லக் கூச்சப்படாதவர்மீது அவருக்கு நம்பிக்கை வரும்.

இந்த வாரத்து வேலை

நீங்கள் இப்போது ஓட்டும் விமான மாடலின் பெயரைப் போட்டுத் தேடி, மூன்று அறிக்கைகளை இறக்குங்கள். ஒன்று உயிரிழப்பு உள்ளது, ஒன்று எல்லாரும் தப்பியது, ஒன்று இறங்கும்போது நடந்தது. ஒவ்வொன்றையும் பின்னோக்கிப் படித்துத் திரும்பும் இடத்தை வட்டமிடுங்கள். மூன்றுக்கும் நான்கு வரி எழுதுங்கள். கடைசியில் நிற்கும் மூன்று விதிகளை ஒரு சின்ன அட்டையில் எழுதி, செக்லிஸ்ட்டின் முதல் பக்கத்தில் செருகுங்கள். அடுத்தமுறை ரன்வேக்குப் போவதற்கு முன் அந்த அட்டையைச் சத்தமாகப் படியுங்கள். மூன்றில் ஒன்று மீறப்பட்டாலும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள்.